வெப்பம் குடிபெயர்ந்த வரலாறு

அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் அப்பலாச்சிக்கோலா என்றொரு சிறு துறைமுக நகர் உண்டு. 1840களில் அங்கு வாழ்ந்த ஜான் கோரி என்னும் மருத்துவர், காய்ச்சலால் துவண்ட நோயாளிகளின் அறைகளைக் குளிர்விக்க முனைந்தார். வடபுலத்து ஏரிகளில் வெட்டிய பனிக்கட்டி கப்பலேறித் தெற்கே வரவேண்டிய காலம் அது. ஆகவே காற்றை அமுக்கிப் பின் விரியவிட்டுப் பனிக்கட்டி செய்யும் பொறியொன்றை அவரே அமைத்து, 1851இல் காப்புரிமையும் பெற்றார். ஆயினும் பொருளுதவி கிட்டாமல், 1855இல் வறுமையிலேயே மறைந்தார்.

நோயாளிக்கென எழுந்த எண்ணம் அடுத்த நூற்றாண்டில் அச்சகமொன்றில் புது வடிவம் பெற்றது. நியூயார்க்கின் புரூக்ளினில், காற்றின் ஈரத்தால் தாள்கள் விரிந்து சுருங்கி, அச்சில் வண்ணங்கள் இடம் பிசகின. 1902இல் வில்லிஸ் கேரியர் என்ற இளம் பொறியாளர், குளிர்ந்த குழாய்ச் சுருள்கள்மீது காற்றைச் செலுத்தி ஈரத்தை வடித்தெடுக்கும் முறையை வகுத்தார். 1960களில் ஜப்பானியர் குளிர்சாதனத்தை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியை அறையிலும் ஓசைமிக்க மறு பாதியை வெளியிலும் வைத்தனர். ‘ஸ்பிளிட் ஏ.சி.’ என நாம் வழங்குவது இதனையே.

உள்ளே சுருளில் ஓடும் குளிர்பதனத் திரவம் அறையின் வெப்பத்தை உறிஞ்சி ஆவியாகிறது. வெளியேயுள்ள கம்ப்ரஸர் அவ்வாவியை நெருக்கி, வெளிக்காற்றினும் சூடாக்குகிறது. அங்கே விசிறிக் காற்றில் வெப்பத்தை இறக்கிவிட்டு, ஆவி மீண்டும் திரவமாகிறது. பின் ஒரு நுண்குழாயைக் கடந்து, அழுத்தம் தணிந்து, குளிர்ந்து உள்ளே திரும்புகிறது.

எனவே நாம் வெப்பத்தை அழிப்பதில்லை, இடம் மாற்றுகிறோம். இயந்திரம் உண்ட மின்சாரமும் வெப்பமாகி அதனுடன் தெருவில் சேர்கிறது. திரவங்களிலும் தீங்கு இருந்தது. குளோரின் கலந்தவை ஓசோன் படலத்தைச் சிதைத்தமையால் 1987இல் மான்ட்ரியல் உடன்படிக்கை எழுந்தது. அவற்றுக்கு மாற்றாக வந்தவை புவியைச் சூடாக்குவதால், அவற்றைக் குறைக்க 2016இல் கிகாலியில் அதற்குத் திருத்தம் வந்தது.

முதியோரும் மழலையரும் கோடையைத் தாங்க இக்கருவி துணைசெய்கிறது. அதனைப் பழிப்பது நம் நோக்கமன்று. ஆனால் வெளிப்பெட்டியை அண்டை வீட்டுச் சாளரத்துக்கு எதிரே மாட்டுவோமாயின், நம் வெப்பம் அவர் அறைக்கே குடிபோகிறது. வெயிலைத் திரையிட்டுத் தடுத்து, கதவடைத்து, வேண்டிய அளவே குளிர்வித்தால் வெளியேறும் வெப்பமும் குறையும். பிறர் துயர் தணிக்கப் பிறந்த எண்ணம் பிறரைச் சுடாமல் காப்பது நம் கடன்.