ஒரு வளவுக்கு இரு சட்டங்கள்

தன் பணத்தைக் கொடுத்துக் காணி வாங்கி வீடு கட்டியவன் அவ்வளவுக்குத் தானே அரசன் என்று எண்ணுவது இயல்பு. ஆயின், ஐக்கிய அமெரிக்காவின் நகரப்புறக் குடியிருப்பு ஒன்றிலே வீடு வாங்குகின்றவன், வீட்டுத் திறப்பைக் கையிலே பெறும் அன்றே பெரும்பாலும் இரண்டு ஆட்சிகளுக்குக் குடியாகி விடுகிறான். ஒன்று நகரசபை; மற்றையது வீட்டுரிமையாளர் சங்கம். முன்னதன் அதிகாரம் சட்டமன்றத்திலிருந்து வருவது. பின்னதன் அதிகாரம் அவன் பெற்ற காணி உறுதியிலிருந்து வருவது. மதில் எத்தனை அடி உயரலாம், முற்றத்துப் புல் எவ்வளவு வளரலாம், தெருவிலிருந்து எத்தனை அடி தள்ளிச் சுவர் எழலாம், வீட்டுக்குள்ளே வாணிகம் நடத்தலாமா என்பனவற்றையெல்லாம் இவ்விரண்டும் தனித்தனியே விதிக்கின்றன.

நகரசபையின் அனுமதிப்பத்திரம் கையில் இருக்கின்றது என்ற துணிவிலே 6 அடி மதில் எழுப்பிய ஒருவனை, உறுதியிலே 4 அடிக்குத்தான் இடமுண்டு என்று காட்டிச் சங்கம் நீதிமன்றத்துக்கு அழைக்கலாம். நகரசபை அனுமதித்தது என்பது அங்கே விடையாகாது. சங்கத்தின் சம்மதத்தோடு புறவீடு ஒன்று கட்டியவனை, அனுமதிப்பத்திரம் இன்றிக் கட்டினான் என்று நகரசபைப் பரிசோதகர் குற்றஞ்சாட்டலாம். சங்கம் சம்மதித்தது என்பது அங்கேயும் விடையாகாது. ஒன்று மற்றொன்றை நீக்குவதில்லை. இரண்டினுள் எது கடுமையானதோ, அதுவே நடைமுறையில் வீட்டுக்காரனைக் கட்டுகின்றது. இந்த இரட்டை ஆட்சி எவ்வாறு தோன்றிற்று? அயலவர் தமக்குள்ளே செய்துகொண்ட ஒப்பந்தத்துக்கு அரசு எவ்வளவு தூரம் கைகொடுக்கலாம்? இவ்வினாக்களின் வரலாறு ஏறத்தாழ 200 ஆண்டுக் காலத்தது.

அவ்வரலாறு தொடங்கும் இடம் அமெரிக்கா அன்று, இலண்டன் மாநகரம். அங்கே லெஸ்டர் சதுக்கத்தின் நடுவிலுள்ள தோட்டத்தை 1808ஆம் ஆண்டில் தல்க் என்பவர் விற்றார். சுற்றியிருந்த வீடுகள் சில அவருக்கே உரியன. ஆகையால், தோட்டத்தைக் கட்டடம் எதுவும் எழாத திறந்த பூங்காவாகவே பேணுதல் வேண்டும் என்று உறுதியிலே எழுதுவித்தார். தோட்டம் கைம்மாறிக் கைம்மாறி மொக்சே என்பவரிடம் வந்தது. அவர் பெற்ற உறுதியிலே அந்தக் கட்டுப்பாடு எழுதப்படவில்லை. எனினும், பழைய உடன்படிக்கையை அவர் அறிந்தே வாங்கினார். அவர் அங்கே கட்டடம் எழுப்ப முற்பட்டபோது தல்க் வழக்குத் தொடர்ந்தார். ஒப்பந்தம் செய்தவனை மட்டுமே ஒப்பந்தம் கட்டும் என்பது பழைய நியாயம். ஆயின், 1848இல் கொட்டன்ஹாம் பிரபு, கட்டுப்பாட்டை அறிந்து வாங்கியவன் அதை மீறுதல் நீதியன்று என்று தீர்ப்பளித்துத் தடைக்கட்டளையை உறுதி செய்தார். அன்று முதல், மனிதரைக் கட்டிய வாக்கு மண்ணோடு ஒட்டிய வாக்காயிற்று. வாங்கியவர் மாறினாலும் வாக்கு மாறுவதில்லை என்ற இந்நியாயமே இன்றைய சங்கங்களின் அத்திவாரம்.

இத்தகைய ஏற்பாடு அமெரிக்காவிலே அதற்கு முன்னரே முளைகொண்டிருந்தது. நியூயோர்க் நகரிலே 1831இல் சாமுவேல் ரகிள்ஸ் என்பவர் கிரமர்சிப் பூங்காவை அமைத்து, சுற்றிவரக் காணி வாங்கியோர்க்கே அப்பூங்கா உரியது என்று ஏற்பாடு செய்தார். இன்றும் அது பூட்டிய வாயிலையுடைய தனியார் பூங்காவாகவே இருக்கின்றது. இருபதாம் நூற்றாண்டிலே இவ்வழக்கம் குடியிருப்புகள் முழுவதற்கும் பரந்தது. நியூயோர்க்கின் நெப்பொன்சிற் என்னும் கடற்கரைக் குடியிருப்பிலே 1917இல் எழுதப்பட்ட உறுதி ஒன்று, தெருக்கள், பூங்காக்கள், கடற்கரை முதலியவற்றின் பராமரிப்புக்காக ஒவ்வொரு மனைக்கும் ஆண்டுக்கு 4 டொலருக்கு மேற்படாத தொகை செலுத்துதல் வேண்டும் என்று விதித்தது. பின்னர் அக்காணியைப் பெற்ற வங்கி ஒன்று பணங்கட்ட மறுத்தது. 1938இல் நியூயோர்க் மேன்முறையீட்டு நீதிமன்றம் சங்கத்தின் பக்கம் தீர்ப்பளித்தது. சங்கத்துக்கு அங்கே ஒரு சாண் காணியும் சொந்தமாக இல்லை. ஆயினும், உரிமையாளர்களின் சார்பாக அது வசூலிக்கலாம் என்பதே தீர்ப்பின் சாரம். வரி போன்ற ஒன்றை அறவிடும் வலிமை இவ்வாறு சங்கங்களுக்குக் கிடைத்தது.

மறுபுறத்திலே நகரசபைகளும் வாளாவிருக்கவில்லை. 1916இல் நியூயோர்க் நகரம் முழுவதையும் வலயங்களாக வகுத்து, எங்கே வீடு, எங்கே கடை, எங்கே தொழிற்சாலை என்று விதிக்கும் சட்டம் வந்தது. ஓகையோ மாநிலத்து யூக்கிளிட் என்னும் சிற்றூர் 1922இல் அவ்வாறே செய்தபோது, 68 ஏக்கர் காணி வைத்திருந்த கம்பனி ஒன்று தன் சொத்தின் பெறுமதி குறைந்தது என்று வழக்காடியது. 1926இல் அமெரிக்க உயர் நீதிமன்றம் ஊரின் பக்கமே தீர்ப்பளித்தது. உறுதியிலே அயலவர் எழுதிக்கொண்டதை இப்போது ஊராட்சியும் சட்டமாக எழுதலாயிற்று. ஒரே வேலிக்கு இரண்டு காவல் ஏற்பட்ட காலம் இதுவே.

காவல் இரண்டானபோது, ஒன்று செய்யக்கூடாததை மற்றொன்றைக் கொண்டு செய்விக்கும் சூழ்ச்சியும் பிறந்தது. கறுப்பினத்தவர் எந்தெந்தத் தெருவிலே குடியிருக்கலாம் என்று லூயிவில் நகரம் விதித்த கட்டளையை, 1917இல் உயர் நீதிமன்றம் செல்லாது என்றது. நகரசபை வாயிலாகச் செய்யமுடியாததைக் காணி உறுதி வாயிலாகச் செய்யப் பலர் முற்பட்டனர். கறுப்பினத்தவர்க்கு விற்பதில்லை, அவரைக் குடியிருத்துவதில்லை என்று அயலவர் கூடிக் கையொப்பமிட்ட உடன்படிக்கைகள் நகரந்தோறும் பெருகின. 1930களிலே கூட்டாட்சி அரசின் வீட்டுக்கடன் காப்புறுதி நிருவாகமே தன் கைநூலில் இத்தகைய கட்டுப்பாடுகளை ஊக்குவித்தது. தனியார் எழுதிய வேலிக்கு அரசே முள்ளிட்டது எனலாம்.

இதன் கொடுமை முழுவதும் ஒரு குடும்பத்தின் கதையிலே புலப்பட்டது. மிசூரி மாநிலத்துச் சென் லூயிஸ் நகரிலே, லபடீ வீதியிலுள்ள வீடொன்றை 1945இல் ஷெல்லி தம்பதியர் வாங்கினர். அவர்கள் கறுப்பினத்தவர், ஆறு பிள்ளைகளைப் பெற்றோர். அவ்வீதியிலே காணி வைத்திருந்த 39 பேரில் 30 பேர் 1911இலேயே 50 ஆண்டுக் காலத்துக்கென ஓர் உடன்படிக்கை செய்திருந்தனர். அதை எடுத்துக்காட்டி, அதே வீதியிலே அப்பால் வாழ்ந்த கிரேமர் தம்பதியர் வழக்கிட்டனர். மிசூரி மேல்நீதிமன்றம் ஷெல்லி குடும்பத்தை வெளியேற்றும்படி தீர்ப்பளித்தது. வாங்கிய வீட்டின் கதவு, வாங்கியவருக்கே அடைபடும் நிலை வந்தது.

வழக்கு வாஷிங்டனுக்குச் சென்றது. உயர் நீதிமன்றத்தின் ஒன்பது நீதியரசருள் மூவர் விலகிக்கொள்ள, எஞ்சிய அறுவரும் 1948 மே 3ஆம் தேதி ஒருமுகமாகத் தீர்ப்பளித்தனர். பிரதம நீதியரசர் வின்சன் எழுதிய அத்தீர்ப்பின் நுட்பம் கருதத்தக்கது. தனியார் தமக்குள் செய்துகொண்ட உடன்படிக்கை, அவர்கள் தாமாகவே அதன்படி ஒழுகும் வரையில், அரசியலமைப்புக்கு மாறானதன்று. ஆனால், அதை நிறைவேற்றித் தருமாறு அவர்கள் நீதிமன்றத்தை நாடும்போது நிலை மாறுகின்றது. நீதிமன்றத்தின் கை அரசின் கை. அரசின் கை எல்லார்க்கும் சமமான சட்டப் பாதுகாப்பை மறுத்தலாகாது என்பது 1868ஆம் ஆண்டின் 14ஆவது திருத்தம். ஆகவே எந்த நீதிமன்றமும் அவ்வுடன்படிக்கைக்குக் கைகொடுத்தலாகாது என்று முடிந்தது. ஷெல்லி குடும்பம் தன் வீட்டிலேயே வாழ்ந்தது. அத்தகைய கட்டுப்பாடுகளை எழுதுவதையே சட்டவிரோதமாக்கிய வீடமைப்புச் சட்டம் வருவதற்கு மேலும் 20 ஆண்டுகள், 1968 வரை, செல்லவேண்டியிருந்தது.

அதே 1948இல், டெக்சாஸ் மாநிலத்து ஹூஸ்டன் நகர மக்கள் வேறொரு முடிவைச் செய்தனர். நகரை வலயங்களாக வகுக்கும் திட்டம் வாக்கெடுப்பிலே தோற்றது. 1962இலும் 1993இலும் அவ்வாறே தோற்றது. வலயச் சட்டம் இல்லாத அப்பெருநகரிலே, குடியிருப்புகளைக் காத்து நின்றவை பெரும்பாலும் காணி உறுதிகளிலுள்ள கட்டுப்பாடுகளே. ஆனால், வழக்காடுவதற்குப் பணம் வேண்டும். செல்வர் வாழும் ரிவர் ஓக்ஸ் போன்ற குடியிருப்புக்கு அது எளிது. கூலித் தொழிலாளர் வாழும் தெருவுக்கு அரிது. அயல்வீடு ஒருநாள் மோட்டார் திருத்தும் சாலையாக மாறினால், அங்குள்ளவர் யாரிடம் முறையிடுவர்?

1965இல் டெக்சாஸ் சட்டமன்றம் இதற்கு ஒரு வழி செய்தது. வலயச் சட்டம் இல்லாத நகரசபை, தனியார் உறுதிகளிலுள்ள கட்டுப்பாடுகளை நிறைவேற்றத் தானே வழக்குத் தொடரலாம் என்றது. அதன்படி, காணியின் பயன்பாடு, மனையின் அளவு, தெருவிலிருந்து கட்டடம் விலகி நிற்கவேண்டிய தூரம் முதலியன மீறப்பட்டால், ஹூஸ்டன் நகரசபையின் சட்டத்தரணிகள் பொதுப்பணத்திலே வழக்காடுகின்றனர். ஏனைய நகரங்களிலே, உறுதியைப் பற்றிய முறைப்பாட்டோடு வரும் குடிமகனை, அது உங்கள் தனி வழக்கு என்று நகரசபை திருப்பியனுப்புவதே வழக்கம். ஹூஸ்டனிலோ இரண்டு காவலும் ஒரு கைக்குள் வந்தன.

இதனால் ஏழையரின் தெருவுக்கும் ஒரு துணை கிடைத்தது உண்மை. ஆயினும் குறை முற்றாகத் தீரவில்லை. இக்கட்டுப்பாடுகள் பல குறித்த ஆண்டுகளுக்கே எழுதப்பட்டவை. அயலவர் ஒன்றுகூடிப் புதுப்பிக்காவிட்டால் காலாவதியாகி விடும். ஒழுங்கான சங்கமும் வசதியும் உள்ள இடத்திலே அவை புதுப்பிக்கப்படும். இல்லாத இடத்திலே நழுவிப்போகும். நழுவியபின் நகரசபைக்கு நிறைவேற்ற எதுவும் இராது. ஒப்பந்தத்தை நம்பிய காவல், ஒப்பந்தம் செய்ய வல்லாரையே நன்கு காக்கும் என்பது ஹூஸ்டன் தரும் பாடம்.

இரண்டாவது உலகப் போருக்குப் பின்னர்ச் சங்கங்களின் தொகை விரைந்து பெருகிற்று. 1970இல் ஏறத்தாழ 10,000 எனக் கணிக்கப்பட்டவை, இன்று மூன்று இலட்சத்துக்கு மேலாகிவிட்டன. தெருவும் பூங்காவும் வடிகாலும் சங்கத்தின் செலவிலே நடைபெறுமாயின் நகரசபைக்குச் செலவு மிச்சம். வீட்டுக்காரனோ நகரசபைக்கு வரியும் சங்கத்துக்குக் கட்டணமும் இறுக்கிறான். இரண்டும் தண்டம் விதிக்கலாம். செலுத்தப்படாத தொகை காணியின்மேலேயே கடனாக ஏறலாம். ஒரு வேறுபாடு மட்டும் முதன்மையானது. நகரசபையைத் தெரிவதற்கு வாடகைக்கு இருக்கும் குடிமகனுக்கும் வாக்குண்டு. சங்கத்திலே பொதுவாக வாக்கு வீட்டுடைமையோடு ஒட்டியது. ஒரே விதிக்கு இருவரும் அடங்கினும், விதி செய்வதிலே இருவருக்கும் பங்கில்லை.

இரண்டு ஆட்சிகளும் ஒன்றையொன்று மோதும்போது மேலாட்சி தலையிட நேர்கின்றது. கலிபோர்னியாவிலே 2014ஆம் ஆண்டு கடும் வரட்சி நிலவியது. நீரை வீணாக்குவோர்க்கு நாளொன்றுக்கு 500 டொலர் வரை தண்டம் விதிக்க அந்த ஜூலை மாதத்திலே மாநிலம் விதி செய்தது. அதே காலத்தில், புல் கருகிவிட்டது, முற்றம் அழகு கெட்டது என்று சங்கங்கள் வீட்டுக்காரரைத் தண்டித்தன. நகரசபையிடமிருந்தும் அத்தகைய எச்சரிக்கைக் கடிதம் பெற்றோர் இருந்தனர். நீர் ஊற்றினாலும் குற்றம், ஊற்றாவிட்டாலும் குற்றம் என்ற நிலை. வரட்சிக் காலத்திலே நீர் ஊற்றாமைக்காகச் சங்கங்கள் தண்டித்தலாகாது என்று 2014இல் ஒரு சட்டம் வந்தது. நகரசபைகளும் அவ்வாறு செய்தலாகாது என்று 2015இல் மற்றொரு சட்டம் வந்தது. இவ்வாறே, தேசியக் கொடியை வீட்டிலே பறக்கவிடுவதைச் சங்கங்கள் தடுத்தலாகாது என்று 2006இல் அமெரிக்கக் காங்கிரஸ் விதித்தது.

லெஸ்டர் சதுக்கத்துத் தோட்டமும் இறுதியில் ஓர் உண்மையைக் காட்டிற்று. 1848இன் தீர்ப்பு அதனைக் காத்தது. ஆயினும், மூன்றாண்டுகளுக்குள் தல்க் குடும்பத்தாரோடு உடன்பாடு செய்துகொண்டு, வைல்ட் என்பவர் அங்கே மாபெரும் உலகவுருண்டைக் காட்சிச்சாலை ஒன்றைக் கட்டினார். அது 1862 வரை நின்றது. பின்னர்ப் பாழடைந்து கிடந்த அத்தோட்டம், 1874இல் பொதுமக்கள் பூங்காவான பின்னரே எல்லார்க்கும் உரியதாயிற்று. உடன்படிக்கை செய்தவரே அதைத் தளர்த்தவும் வல்லர். பொதுச் சட்டமோ பலர்க்கும் கடமைப்பட்டது.

அயலவர் கூடி வகுக்கும் ஒழுங்கு ஊருக்கு அழகு. ஆனால் அவ்வொழுங்கின் வலிமை அயலவருடையது மட்டுமன்று. அதன் பின்னே நீதிமன்றத்தின் கட்டளை நிற்கின்றது, சில இடங்களிலே நகரசபையின் பணமும் நிற்கின்றது. பொதுவின் கையைக் கடன் வாங்கும் எந்த வேலியும் பொதுவின் நீதிக்கு அடங்கியே நிற்றல் வேண்டும். லபடீ வீதியிலே ஒரு வீட்டுக் கதவு அடைபடாமல் நின்றது இந்த ஒரு நியாயத்தினாலேயே.