பெட்டி போன வழி

மூணாறிலிருந்து சுமார் 32 கிலோமீட்டர் கிழக்கே டாப் ஸ்டேஷன் என்று ஒரு இடம் இருக்கிறது. அங்கு ரயில் கிடையாது, ஸ்டேஷனும் கிடையாது. தேனி மாவட்டத்தைச் சேர்ந்த இடம்தான். ஆனால் மோட்டாரில் போவதென்றால் கேரளத்தின் வழியாகத்தான் போக வேண்டும். சுமார் 1700 மீட்டர் உயரத்தில் மலை சட்டென்று அறுந்து நிற்கிறது. அந்த அறுந்த விளிம்புக்கு 'வியூ பாயிண்ட்' என்று பெயர்.

எட்டுப் பேர் போனோம். காலையில் எல்லப்பட்டித் தேயிலைச் சரிவுகளில் நடக்கத் தொடங்கி, டாப் ஸ்டேஷனில் நின்று பார்த்துவிட்டு, சென்ட்ரல் என்ற சிற்றூர் வழியாக இறங்கிச் சாயங்காலம் குரங்கணி சேர்வது என்று ஏற்பாடு. வழிகாட்டி குரங்கணிக்காரர். வயது இருபத்தைந்துக்குள்தான் இருக்கும். விளிம்புக்கு வந்தபோது மேகம் மூடியிருந்தது. "பத்து நிமிஷம் பொறுங்க சார், திறந்துரும்" என்றார், ஏதோ நாடகத் திரையைப் பற்றிச் சொல்வது போல. அவர் சொன்னபடியே திறந்தது. கீழே குரங்கணிப் பள்ளத்தாக்கு, அதற்கப்பால் போடி வரை விரிந்த வெயில் நிலம். பேச முடியவில்லை. இதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிட வேண்டும். காட்சி பொய்யில்லை.

காட்சிக்கு முன்னால் நின்ற நான்தான் சிக்கல். பத்து வருஷங்களுக்கு முன்னால் ஒரு கவிதைத் தொகுப்புக்கு மதிப்புரை எழுதினேன். அதிலிருந்த மலைக் கவிதைகளைப் பாராட்ட நான் கண்டுபிடித்த காரணம், அவற்றில் மனிதன் குறுக்கிடவில்லை என்பது. பனி, பாறை, பள்ளம், மௌனம். ஆளற்ற நிலமே தூய நிலம் என்ற ரீதியில் இரண்டு பக்கம் எழுதியிருந்தேன். நண்பர்கள் சிலர் அதை மேற்கோள் காட்டியதும் உண்டு. டாப் ஸ்டேஷனில் இறங்குபாதை தொடங்கும் இடத்தில், புல்லுக்கு நடுவே பழைய கட்டுமானத்தின் மிச்சம் கிடந்தது. "அதுதான் வின்ச் இருந்த எடம் சார், பெட்டி இறங்குன எடம்" என்றார் வழிகாட்டி. என் மதிப்புரையின் மேல் கால் வைத்து நிற்பது போல இருந்தது.

பெட்டி என்றால் தேயிலைப் பெட்டி. அதன் கதை 1877இல் தொடங்குகிறது. அந்த வருஷம் ஜான் டேனியல் மன்றோ பூஞ்சாறு அரசரிடமிருந்து கண்ணன் தேவன் மலைகளைப் பட்டயம் எழுதி வாங்கினார். 1879இல் வடதிருவிதாங்கூர் நடவுச் சங்கம் வந்தது. 1880இல் ஏ. எச். ஷார்ப் என்பவர் பார்வதி என்ற இடத்தில் தேயிலை வைத்தார். காப்பி, சின்கோனா, கற்றாழை நார் என்று பலதையும் பார்த்த பிறகு தேயிலை நிலைத்தது. 1897இல் கண்ணன் தேவன் ஹில்ஸ் புரொட்யூஸ் கம்பெனி ஏற்பட்டது. தேயிலை விளைந்தாயிற்று, அதைக் கப்பலுக்குக் கொண்டுபோவது எப்படி? மேற்கே காடு. கிழக்கே இந்த விளிம்பு.

1902இல் மூணாறிலிருந்து குண்டளைப் பள்ளத்தாக்கு வழியாக இங்கே ஒற்றைத் தண்டவாளம் போட்டார்கள். ஒரு சக்கரம் தண்டவாளத்தில், இன்னொன்று மண்ணில். இழுத்தது மாடு. 1908இல் அதை எடுத்துவிட்டு இரண்டடி அகல ரயில் பாதை அமைத்தார்கள். நீராவி எஞ்சின் ஓடியது. மாட்டுப்பட்டி, குண்டளை, கடைசியில் டாப் ஸ்டேஷன். இங்கிருந்து கம்பி வடத்தில் தொங்கிக்கொண்டு பெட்டிகள் ஏறத்தாழ ஐந்து கிலோமீட்டர் கீழே கொட்டகுடிக்கு இறங்கின. கொட்டகுடிக்குப் பாட்டம் ஸ்டேஷன் என்று பெயர். அங்கிருந்து வண்டியில் போடிநாயக்கனூர், பிறகு ரயில், பிறகு கப்பல். 1924 ஜூலையில் பெய்த மழையில் மூணாறு அழிந்தது. மலையாளத்தில் அதைத் 'தொண்ணூற்றொன்பதின் வெள்ளம்' என்பார்கள், கொல்லம் ஆண்டு 1099. ரயில் பாதை அடித்துக்கொண்டு போயிற்று. திரும்பப் போடவில்லை. மூணாறு ஸ்டேஷன் கட்டடம் தேயிலைக் கம்பெனியின் அலுவலகமாயிற்று. மாட்டுப்பட்டியும் குண்டளையும் இன்று அணைகளும் படகுகளும். டாப் ஸ்டேஷன் வியூ பாயிண்ட்.

டாப், சென்ட்ரல், பாட்டம். இந்த மூன்று பெயர்களையும் வரிசையாகச் சொல்லிப் பாருங்கள். இந்த மலையில் ஊர் இருந்தது, சாமி இருந்தது, மனிதர்கள் வைத்த பெயர்கள் இருந்தன. இவை மட்டும் பெட்டி வைத்த பெயர்கள். கம்பியில் தொங்கி இறங்குகிற ஒரு பெட்டிக்கு மலை என்பது மேல், நடு, கீழ் என்ற மூன்று நிலைகள்தான். வேறு எதுவும் அதற்குத் தெரிய வேண்டியதில்லை. நாம் அழகு பார்க்கப் போகிற இடத்தின் பெயரே சரக்கின் பார்வையில் அமைந்த பெயர்.

மனிதர்கள் எப்படிப் போனார்கள் என்று வழிகாட்டியிடம் கேட்டேன். "எங்க தாத்தாவுக்கு அவரு அய்யா சொன்னதாச் சொல்லுவாரு சார். பெட்டி தலைக்கு மேல போகும், நம்ம ஆளுக கீழ நடந்து போவாக. நிமிந்து பாத்துக்கிட்டே ஏறுவாகளாம்." இதற்குமேல் அவர் சொல்லவில்லை. எனக்கு இது போதும்.

மன்றோ பட்டயம் வாங்கிய 1877, சென்னை மாகாணத்தில் தாது வருஷப் பஞ்சம் உச்சத்தில் இருந்த காலம். மலைக்கு மேலே ஒரு பத்திரம் எழுதப்பட்டபோது, கீழே சமவெளியில் ஜனங்கள் கஞ்சித் தொட்டிகளின் முன் நின்றார்கள். பஞ்சத்தில் நின்றவரே மறுநாள் மலையேறினார் என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் தோட்டத்துக்கு ஆள் தேவைப்பட்டபோது, மதுரை, திருநெல்வேலிப் பக்கத்து நிலமற்ற ஜனங்கள் எந்த வார்த்தைக்கும் தலையாட்டும் நிலையில் இருந்தார்கள். கங்காணி வந்தார். முன்பணம் கொடுத்தார். முன்பணம் சம்பளத்தில் கழிக்கப்படும். கங்காணிக்கு ஆள் கணக்கில் கமிஷன் உண்டு. கடன் லெட்ஜர் எழுதிச் சம்பளம் வாங்குகிறவன் நான். கடன் வாங்கியவன் ஓடிவிடக் கூடாது என்பதற்காக எழுதப்படும் கணக்குக்கும், கடன் தீர்ந்துவிடக் கூடாது என்பதற்காக எழுதப்படும் கணக்குக்கும் உள்ள வித்தியாசம் எனக்குத் தெரியும். கங்காணியின் கணக்கு இரண்டாவது வகை.

காலையில் எல்லப்பட்டியில் நடந்ததைத் திரும்ப யோசித்தேன். தேயிலைச் சரிவைப் 'பச்சைக் கம்பளம்' என்று எழுதாத தமிழ்ப் பயணக் கட்டுரை அபூர்வம். தேயிலை செடியில்லை, மரம். விட்டுவிட்டால் வீட்டுக் கூரைக்கு மேலே வளர்ந்துவிடும். சில வருஷங்களுக்கு ஒருமுறை கவாத்து வெட்டி, வாரக்கணக்கில் கொழுந்து கிள்ளிக் கிள்ளி, அதை இடுப்பு உயரத்தில் நிறுத்திவைக்கிறார்கள். இடுப்பு உயரம் என்பது பெண் ஒருத்தி நின்றபடி இரண்டு கைகளாலும் கொழுந்து எடுக்கும் உயரம். வரிசைக்கு வரிசை தெரிகிற அந்தக் கோடுகள் அவள் நடக்கும் தடங்கள். கம்பளம் என்று நாம் வர்ணிப்பது அவளுடைய உடம்பின் அளவு. அவள் ஒரு வருஷம் வரவில்லையென்றால் காட்சி கலைந்துவிடும். ஆளற்ற நிலம் என்று நான் மெச்சியதில் ஆள் இல்லாத ஓர் அடி கூட இல்லை.

இந்தக் குருட்டுத்தனம் எனக்கு எங்கிருந்து வந்தது? நம் மரபிலிருந்து வரவில்லை என்று நிச்சயமாகச் சொல்ல முடியும். தொல்காப்பியம் நிலத்தையும் பொழுதையும் முதற்பொருள் என்றது உண்மை. ஆனால் அதோடு விட்டுவிடவில்லை. கருப்பொருளில் தெய்வம், உணவு, மரம், பறை இவற்றோடு தொழிலையும் சேர்த்தது. குறிஞ்சி என்றால் மலை மட்டும் கிடையாது. தினைப்புனம் காப்பவளும் தேன் எடுப்பவனும் இல்லாமல் அந்தத் திணை நிற்காது. நான் பி.ஏ.வில் வேர்ட்ஸ்வொர்த்தைப் படித்தேன். அவரிடமும் ஆடு மேய்ப்பவர்களும் பிச்சைக்காரர்களும் உண்டு. வகுப்பில் அவர்கள் பரீட்சைக்கு வரமாட்டார்கள் என்று விட்டுவிட்டோம். மிஞ்சியது வியூ பாயிண்ட். முதற்பொருளை மட்டும் வைத்துக்கொண்டு கருவையும் உரியையும் கழற்றிவிட்ட குறிஞ்சி. அதைத்தான் நவீனத்துவத்தின் சிக்கனம் என்று நினைத்துக்கொண்டேன்.

எழுதியவர்கள் இல்லாமலில்லை. புதுமைப்பித்தன் 1935இலேயே 'துன்பக்கேணி'யில் இலங்கைத் தோட்டத்துக்குள் போய்விட்டார். ஆனைமலைத் தோட்டங்களில் மருத்துவராக இருந்த பி. எச். டேனியல் 1969இல் 'ரெட் டீ' என்ற நாவலை ஆங்கிலத்தில் எழுதினார். அது 'எரியும் பனிக்காடு' என்று தமிழுக்கு வர ஏறத்தாழ நாற்பது வருஷங்கள் பிடித்தன. அந்த நாற்பது வருஷங்களில் நாம் எத்தனை பனியைப் பற்றி எழுதியிருக்கிறோம்!

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 1956இல் மாநிலங்கள் பிரிக்கப்பட்டபோது தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்தோடு சேர்ந்தன. தமிழ் மேடைகளில் இன்றும் அது ஓர் இழப்பாகப் பேசப்படுகிறது. இழந்ததாகச் சொல்லப்படுவது மலை, ஆறு, அணை. அங்கே பெரட்டுக்களத்தில் நின்றவர்கள் தமிழ் பேசுபவர்கள் என்பது எல்லைக் கோரிக்கைக்கு ஆதாரமாகப் பயன்பட்டது. எல்லை முடிவான பிறகு அவர்களுடைய கூலியைப் பற்றி அந்த மேடைகளில் அதிகம் பேசப்படவில்லை. இதுவும் ஒரு வியூ பாயிண்ட்தான்.

அவர்களே பேசியது 2015 செப்டம்பரில். அன்றைய தினக்கூலி 232 ரூபாய். அதை 500 ஆக்கு, 20 சதவீத போனஸ் கொடு என்று மூணாறு ரோட்டில் ஆயிரக்கணக்கான பெண்கள் ஒன்பது நாள் உட்கார்ந்தார்கள். தொழிற்சங்கத் தலைவர்களைப் பக்கத்தில் வர விடவில்லை. பெரும்பாலும் தமிழ்ப் பெண்கள். 'பெம்பிளை ஒருமை' என்று தங்களுக்குப் பெயர் வைத்துக்கொண்டார்கள். போனஸும் கருணைத்தொகையும் சேர்ந்து 20 சதவீதம் கிடைத்தது. கூலி பிறகு 301 ஆயிற்று. 500 வரவில்லை. ஆனாலும் அந்த ஒன்பது நாள் காட்சி பார்க்க வந்தவர்களால் காட்சி பார்க்க முடியவில்லை. அவர்கள் குறுக்கே உட்கார்ந்திருந்தார்கள். என் மதிப்புரைக்குச் சரியான பதில் அதுதான்.

ஐந்து வருஷம் கழித்து, 2020 ஆகஸ்ட் 6 இரவு, ராஜமலைக்கு அருகே பெட்டிமுடியில் மலை சரிந்து லயங்களின் மேல் விழுந்தது. 70 பேர் போனார்கள். பலருடைய பூர்வீகம் கயத்தாறு வட்டாரம். நாலு தலைமுறைக்குப் பிறகும் அவர்கள் இருந்த வீடு அவர்களுடையதில்லை. லயம் வேலையோடு கட்டப்பட்டது. வேலை முடிந்தால் வீடும் முடிந்தது.

சென்ட்ரலில் டீ குடித்தோம். அதற்குக் கீழே பாதை செங்குத்தாக இறங்குகிறது. காப்பியும் மிளகும் முடிந்து இலவ மரங்கள் வருகின்றன. புல் காய்ந்திருந்தது. வழிகாட்டி அதுவரை முன்னால் போய்க்கொண்டிருந்தவர், இப்போது கடைசி ஆளாக வந்தார். இரண்டு மூன்று தடவை எங்களை எண்ணினார். காரணம் கேட்கவில்லை, தெரியும். 2018 மார்ச் 11ஆம் தேதி, கொழுக்குமலை போய்விட்டுக் குரங்கணிக்கு இறங்கிக்கொண்டிருந்தவர்களைக் காட்டுத் தீ மடக்கியது. அவர்களும் எங்களைப் போல மலை பார்க்க வந்தவர்கள். 20க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அதன் பிறகு மலையேற்றத்துக்கு அரசாங்கம் விதிகள் போட்டது. அன்று ராத்திரி உள்ளூர்க்காரர்கள் மேலே ஏறி, வெந்தவர்களைத் தோளில் சுமந்து இறக்கினார்கள். மலையில் மனிதன் குறுக்கிடக் கூடாது என்று எழுதியவன் அந்த வழியில் இறங்கிக்கொண்டிருந்தேன்.

வெயில் தாழும்போது குரங்கணி வந்துவிட்டோம். வழிகாட்டி ஒரு நோட்டை எடுத்துப் பெயர்களுக்கு எதிரே டிக் போட்டார். "எட்டுப் பேர் போனோம் சார், எட்டுப் பேரும் வந்தாச்சு. கையெழுத்துப் போடுங்க" என்றார். கம்பி வடத்தில் இறங்கிய பெட்டிகளுக்கும் ஸ்டேஷனில் இப்படியொரு கணக்கு இருந்திருக்கும். பெட்டிக்குக் கீழே நடந்தவர்களின் பெயர்களைக் கங்காணி எழுதினான், கடன் கணக்கில். போடி பஸ்ஸுக்கு இன்னும் நேரம் இருந்தது. திரும்பி மேலே பார்த்தேன். மறுபடி மேகம் மூடியிருந்தது.