தேயிலை இறங்கிய மலை

அம்பத்தூர் எஸ்டேட்டில் வேலை முடிந்த வெள்ளிக்கிழமை சாயங்காலம், முதுகுப்பையோடு பஸ் ஏறும் இளசுகளிடம் 'எந்த மலைக்கு?' என்று கேளுங்கள், பளிச்சென்று பதில் வரும். 'இந்த மாசத்தில் போகலாமா?' என்று கேளுங்கள், முழிப்பார்கள்.

போடி பக்கத்துக் குரங்கணி மலை ஒரு காலத்தில் தேயிலை இறங்கிய மலை. மூணாறிலிருந்து டாப் ஸ்டேஷன் வரை குட்டி ரயில். அங்கிருந்து பெட்டிகள் ரோப்வேயில் கோட்டகுடிக்கு வரும். 1924 வெள்ளம் ரயிலைத் தின்றுவிட்டது. பின்னாளில் அதே மலையில் டிரெக்கிங் கூட்டம் ஏறியது.

2018 மார்ச் 11, ஞாயிறு. சென்னையிலிருந்தும் ஈரோடு, திருப்பூர் பக்கமிருந்தும் போனவர்கள் கொழுக்குமலையிலிருந்து இறங்கும்போது காட்டுத்தீ. 23 பேர் போய்விட்டார்கள். டாப் ஸ்டேஷன் பாதைக்குத்தான் அனுமதி என்றது வனத்துறை.

கொன்றது மலையின் உயரம் அல்ல, மார்ச் மாதம். புல் சருகாகிக் கிடக்கும். கீழே எரியும் சூடு மேலே உள்ள புல்லை முன்கூட்டியே காய வைத்துவிடும். அதனால் மேட்டில் தீ ஏறும் வேகத்துக்கு மனுஷக் கால் ஈடுகொடுக்காது.

அந்த வருஷமே அரசு டிரெக்கிங் விதிகள் போட்டது. 2024-ல் தானே 40 பாதைகளைத் திறந்தது. அடுத்த ஆண்டு தீ சீசன் என்று பிப்ரவரி 15 முதல் ஏப்ரல் 15 வரை மூடியும் வைத்தது.

ஆவடியோ, பூந்தமல்லியோ... கிளம்பும் முன் எந்தப் பாதை, யார் வழிகாட்டி, எப்போது திரும்புவோம் என்று வீட்டில் எழுதி வைத்துவிட்டுப் போங்கள். வனத்துறை மூடியிருக்கா? அப்ப வீட்டிலேயே இருங்க. மலை எங்கேயும் போய்விடாது.