சுருல் முதல் புதுச்சேரி வரை: பல்கலைக்கழக விரிவாக்கத்தின் வரலாறு எழுப்பும் ஒரு வினா

கற்பித்தல், ஆராய்ச்சி ஆகியவற்றோடு விரிவாக்கமும் உயர்கல்வியின் கடமை என்று பல்கலைக்கழக மானியக் குழு 1977இல் கொள்கையளவில் அறிவித்தது. பணி அதற்கு அரை நூற்றாண்டுக்கு முன்பே வங்காளத்தில் தொடங்கிவிட்டது. இடைப்பட்ட வரலாற்றை ஆராய்வோர்க்கு ஒரு வினா எழும்: பல்கலைக்கழகம் ஊரைத் தேடிச் சென்றபோது, ஊரில் எவரைச் சென்றடைந்தது?

'பல்கலைக்கழக விரிவாக்கம்' என்னும் கருத்து இங்கிலாந்தில் உருவானது. 1873இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம், கல்லூரிக்கு வர இயலாத மக்களுக்காகப் பல நகரங்களில் விரிவுரைகளை நடத்தத் தொடங்கியது. ஆசிரியர் பேசுவார்; மக்கள் கேட்பர். அவ்வளவே அதன் அமைப்பு.

தாகூர் இதிலிருந்து விலகினார். 1922 பிப்ரவரி 6 அன்று, சாந்திநிகேதனை அடுத்த சுருலில் விஸ்வபாரதியின் ஊரகப் புனரமைப்பு நிறுவனம் தொடங்கப்பட்டது. பின்னர் அது ஸ்ரீநிகேதன் எனப் பெயர்பெற்றது. கார்னெல் பல்கலைக்கழகத்தில் வேளாண்மை பயின்ற ஆங்கிலேயர் லெனர்ட் எல்ம்ஹர்ஸ்ட் அதன் முதல் இயக்குநர். தொடக்ககால மாணவர் சிலர் தங்கள் மலக்கழிவைத் தாங்களே அகற்றி எருவாக்கப் பழகினர். சாதி இழிவாக ஒதுக்கிய ஒரு வேலை கல்வியின் பகுதியாயிற்று என்பதே இதன் பொருள்.

ஊரை முதலில் கணக்கெடுத்து அறிந்த பின்னரே திட்டம் வகுத்தல் ஸ்ரீநிகேதனின் வழக்கம். அப்பணியில் காளிமோகன் கோஷின் பங்கு பெரிது. மலேரியா வாட்டிய அவ்வட்டாரத்தில், ஊரார் சந்தா செலுத்தி மருத்துவ உதவி பெறும் சுகாதாரக் கூட்டுறவுச் சங்கங்கள் அமைந்தன. நெசவும் தோல்வேலையும் கற்பிக்கப்பட்டன. ஏழைச் சிறுவர்களுக்காக 1924இல் சிக்ஷா சத்ரா என்னும் பள்ளி தொடங்கியது. பள்ளிக்கு வர இயலாதோர் வீட்டிலிருந்தே படித்துத் தேர்வெழுத 1930களில் லோக சிக்ஷா சம்சத் வழிசெய்தது.

குறைகளும் இருந்தன. பணி பெரிதும் டோரதி எல்ம்ஹர்ஸ்டின் நிதியுதவியைச் சார்ந்திருந்தது. நில உடைமை உறவுகளை அது மாற்றவில்லை. எனினும் பணியாளர்கள் ஊர்களுக்கு அருகிலேயே தங்கியிருந்தனர்.

விடுதலைக்குப் பின் ராதாகிருஷ்ணன் ஆணைக்குழு (1948–49) ஊரகப் பல்கலைக்கழகங்களைப் பரிந்துரைத்தது. நடைமுறையில் வலுப்பெற்றதோ வேறொரு வடிவம். அமெரிக்க நிலக்கொடைப் பல்கலைக்கழகங்களைப் பின்பற்றி, 1960இல் பந்த்நகரில் இந்தியாவின் முதல் வேளாண் பல்கலைக்கழகம் எழுந்தது. புதிய விதையும் உரமும் ஆய்வகத்திலிருந்து வயலுக்குச் சென்றன, விளைச்சல் பெருகியது. ஆனால் அவ்விரிவாக்கம் நிலமும் பாசனமும் உடையோரையே முதலில் அடைந்தது. நிலமற்ற கூலியாளுக்கு விதை குறித்த அறிவுரையால் என்ன பயன்?

இக்குறையை நிறுவன அளவில் எதிர்கொண்டது மோகன் சிங் மேத்தா குழு. அதன் பரிந்துரைகளின் வழியில் உருவான வேளாண் அறிவியல் நிலையங்களுக்கு, உற்பத்திப் பெருக்கம், செய்து கற்றல், நலிந்த பிரிவினர்க்கு முன்னுரிமை ஆகிய மூன்றும் அடிப்படைகளாயின. முதல் நிலையம் 1974இல் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பொறுப்பில் புதுச்சேரியில் அமைந்தது. பட்டம் இல்லை, நுழைவுத் தகுதி இல்லை. பள்ளியை இடையில் விட்டவரும் பயிற்சி பெறலாம். இன்று நாடெங்கும் எழுநூறுக்கும் மேற்பட்ட நிலையங்கள் இயங்குகின்றன.

இதே காலத்தில் வளர்ந்த மற்றொரு கிளை, காந்தி நூற்றாண்டான 1969இல் 37 பல்கலைக்கழகங்களில் தொடங்கிய நாட்டு நலப்பணித் திட்டம். பல தலைமுறை மாணவர்களுக்கு ஊரை அறிமுகப்படுத்திய பெருமை அதற்குண்டு. ஆனால் முகாம் முடிந்ததும் மாணவர் திரும்பிவிடுவர்; அடுத்த ஆண்டு வேறு மாணவர், பல வேளைகளில் வேறு ஊர். ஊரின் பயனைவிட மாணவரின் பண்புப் பயிற்சியே அதன் முதல் நோக்கம்.

இவற்றை ஒப்பிட்டால், விரிவாக்க வசதி என்பது கட்டடத்தையும் வாகனத்தையும் மட்டும் குறிப்பதன்று என்பது புலப்படும். எளிய மக்களைச் சென்றடைய மூன்று தேவைப்படுகின்றன: ஊருக்கு அருகில் நிலையான இடம், ஆண்டுதோறும் மாறாத பணியாளர், தம் தேவையைத் தாமே சொல்ல மக்களுக்கு ஓர் அமைப்பு. சுருலின் கூட்டுறவுச் சங்கங்கள் மூன்றாவதை ஓரளவு அளித்தன. புதுச்சேரி மாதிரி முதலிரண்டை உறுதிசெய்தது. மூன்றையும் ஒருங்கே பெற்ற பல்கலைக்கழகங்கள் அரிது.

நடத்தப்பட்ட முகாம்களின் எண்ணிக்கையையே ஆண்டறிக்கைகள் சாதனையாகக் காட்டும்வரை இந்நிலை மாறாது. எந்தத் தெருவுக்குச் சென்றோம், எந்தத் தெருவுக்குச் செல்லவில்லை என்ற கணக்கும் அவற்றில் இடம்பெற வேண்டும்.