டிவிஎஸ் ஃபிப்டியும் பழவேற்காட்டு மணலும்

மூணு வருஷமா தங்கமணியை நச்சரிச்சு ஒரு வழியா எக்ஸ்பல்ஸ் வாங்கிட்டேன். வாரத்துல அஞ்சு நாள் ஆபீஸ்ல ஆணி புடுங்குறவனுக்கு எதுக்குடா இந்த வண்டின்னு கேட்டா இன்னிக்கு வரைக்கும் என்கிட்ட பதில் கிடையாது. 21 இஞ்ச் முன் சக்கரம், தரையிலிருந்து 220 மில்லிமீட்டர் இடைவெளி, ஏறி உட்கார்ந்தா என் கால் பெருவிரல் மட்டும்தான் தரையைத் தொடும். ரோட்டுலயும் போகும், ரோடு இல்லாத இடத்துலயும் போகும். ரோடு இல்லாத இடத்தைத் தேடிப் போறதுதான் ஞாயித்துக்கிழமை வேலைன்னு ஆயிடுச்சு.

அப்படித்தான் நானும் நண்பரும் (அவரிடமும் இதே வண்டி, இதே வியாதி) விடியற்காலை மாதவரத்துல கிளம்பி செங்குன்றம், சோழவரம், தச்சூர், பொன்னேரி வழியா பழவேற்காடு போனோம். டச்சுக்காரங்க 1613-ல் கட்டின கெல்ட்ரியா கோட்டை, மண்டை ஓடு செதுக்கின கல்லறை எல்லாம் பத்தி ஆளாளுக்கு எழுதியாச்சு, அதை விட்டுடறேன். மீன் மார்க்கெட்டைத் தாண்டி, ஏரிப் பாலத்தைத் தாண்டி, லைட்ஹவுஸ் குப்பம் பக்கம் மணல்ல இறங்கினோம். ஒரு பக்கம் ஏரி, இன்னொரு பக்கம் கடல், நடுவுல மணல் திட்டு.

மணல்ல ஓட்டறதுக்கு முறை இருக்கு. டயர்ல காத்தைப் பாதியா இறக்கணும். எழுந்து நின்னு, உடம்பைப் பின்னால தள்ளி, வேகத்தைக் குறைக்காம போகணும். பயந்து ப்ரேக் பிடிச்சா முன் சக்கரம் மணலைத் தோண்ட ஆரம்பிக்கும். இதெல்லாம் யூட்யூப்ல பார்த்து மனப்பாடம். நேர்ல போனா நூறு மீட்டர்தான். வண்டி ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். எழுந்து பார்த்தா வண்டி கிடக்கறது மணல் மேல இல்ல, காயப் போட்டிருந்த வலை மேல. மணல் நிறத்துலயே நைலான் வலை. கால் வைக்கிற கம்பியில மாட்டிக் கிழிஞ்சிருக்கு.

கத்தப் போறாருன்னு நினைச்சேன். பெரியவர், எழுபது வயசு இருக்கும். நடந்து வந்து கிழிசலை விரல்ல அளந்து பார்த்தார்.

"அடி பட்டுச்சா தம்பி?"

"இல்லீங்க ஐயா. வலைதான்... எவ்வளவுன்னு சொல்லுங்க, குடுத்துடறேன்."

"காசு கிடக்கட்டும். வண்டிய மொதல்ல வலை மேலேர்ந்து எடு."

ரெண்டு பேரும் சேர்ந்து தூக்கினோம். எக்ஸ்பல்ஸ் கம்பெனிக் கணக்குல 150 கிலோ சொச்சம். மணல்ல அது முந்நூறு கிலோ மாதிரி இருந்துச்சு. நாங்க முக்கி முனகறதைப் பெரியவர் பார்த்துட்டே இருந்தார். அப்புறம் கேட்டாரு பாருங்க ஒரு கேள்வி: "இன்னா தம்பி, இத எப்டி படகுல ஏத்துவே?"

இந்தக் கேள்விதான் இவ்வளவு நீளமா எழுத வெச்சிருக்கு.

பாலம் வர்றதுக்கு முன்னாடி இந்தக் குப்பத்துலேர்ந்து பழவேற்காடு மார்க்கெட்டுக்குப் போக ஏரியைப் படகுலதான் தாண்டணும். எண்பதுகள்ல அவர் முதல் டிவிஎஸ் ஃபிப்டி வாங்கினப்ப, அதுவும் படகுல ஏறித்தான் ஊருக்குள்ள வந்துச்சாம். முன்னால ஒருத்தர், பின்னால ஒருத்தர் பிடிச்சுத் தூக்கி வெச்சா முடிஞ்சுது வேலை. காலைல மீன் கூடையோட படகுல ஏத்தி, அந்தக் கரையில இறக்கி, பொன்னேரிக்குப் போய் வித்துட்டு, சாயங்காலம் திரும்ப ஏத்திக்கிட்டு வருவாராம். வலையைத் தைச்சுக்கிட்டே இதைச் சொன்னார். ஊசி போற வேகத்துக்கு என் கண்ணு போகல.

வீட்டுக்கு வந்து கொஞ்சம் தோண்டினேன். லேசான மோட்டார் சைக்கிளோட சரித்திரமே இந்தத் "தூக்க முடியுமா" கேள்வியிலதான் ஆரம்பிக்குது.

இரண்டாம் உலகப் போர்ல பிரிட்டன்ல ராயல் என்ஃபீல்ட் ஒரு 125 சிசி டூ ஸ்ட்ரோக் வண்டி செஞ்சாங்க. பேரு ஃப்ளையிங் ஃப்ளீ, நம்ம பாஷையில பறக்கும் தெள்ளுப்பூச்சி. அறுபது கிலோவுக்குள்ளதான் எடை. இரும்புக் கூண்டுல வெச்சுப் பாராசூட்ல இறக்குவாங்க, கிளைடர்ல ஏத்திட்டுப் போவாங்க. வேலி குறுக்கே வந்தா சிப்பாயே தூக்கி அந்தப் பக்கம் வெச்சுட்டுப் போகலாம். இதோட மூலம் ஜெர்மனியோட டிகேடபிள்யூ வண்டி. அதை ஹாலந்துல வித்துக்கிட்டிருந்த கம்பெனியோட முதலாளிகள் யூதர்கள். நாஜி அரசாங்கத்தால அந்த ஏஜென்சி பறிபோனப்ப, அதே மாதிரி ஒண்ணு செஞ்சு குடுங்கன்னு அவங்க என்ஃபீல்ட்கிட்ட கேட்டாங்க. ஜெர்மன்காரன் வரைஞ்ச வண்டி ஜெர்மன்காரனுக்கு எதிராவே பாராசூட்ல இறங்கினது அப்படித்தான்.

நாங்க திரும்பி வந்தது மீஞ்சூர், எண்ணூர், திருவொற்றியூர் வழி. அதே ராயல் என்ஃபீல்டோட இந்தியக் கிளை 1955-ல் ஆரம்பிச்சது இந்தத் திருவொற்றியூர்லதான். பழவேற்காட்டுக்குத் தெக்கால, அதே கடற்கரை. ஆனா இங்க வந்தது தெள்ளுப்பூச்சி இல்ல, 350 சிசி புல்லட். எல்லையில ரோந்து போக ராணுவம் கேட்டது அதைத்தான்.

புல்லட்டை இன்னிக்கு நாம கல்யாண மாப்பிள்ளை வண்டியா, பண்ணையார் வண்டியாப் பார்க்கறோம். ஆனா அதுவும் பொறந்தப்ப காட்டு வண்டிதான். 1948-ல் இத்தாலியில் சான் ரெமோவில் நடந்த சர்வதேச ஆறு நாள் டிரையல் போட்டியில, மலைப்பாதையிலயும் சேத்துலயும் ஓட்டி தங்கப் பதக்கம் வாங்கின வண்டி அது. பின் சக்கரத்துக்கு ஊசலாடும் சஸ்பென்ஷன் வெச்சு ஜெயிச்சது அப்ப பெரிய விஷயம். என்ன செய்ய, படகுல ஏத்த முடியாதே!

எங்க வழியில இருந்த இன்னொரு ஊர் சோழவரம். போர்க் காலத்துல போட்ட விமான ஓடுதளம் அங்க இருக்கு. 1953-ல் தொடங்கின மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் அந்த ஓடுதளத்துலதான் வருஷக்கணக்கா ரேஸ் நடத்துச்சு. 1990-ல் இருங்காட்டுக்கோட்டை டிராக் வர்ற வரைக்கும் மெட்ராஸ்காரங்களுக்கு ரேஸ்னா சோழவரம்தான். பொன்னேரிக்கு இந்தப் பக்கம் விளையாட்டுக்கு வண்டி ஓட்டினாங்க, அந்தப் பக்கம் கூடையைத் தலையில வெச்சு நடந்தாங்க. நடுவுல கொஞ்சம் கிலோமீட்டர்தான்.

சரி, அதுக்கு முன்னாடி மீன் எப்படிப் பட்டணம் போச்சு? பக்கிங்காம் கால்வாய். 1806-ல் கொக்ரேன் கால்வாயா ஆரம்பிச்சு, 1876-78 பஞ்ச காலத்துல நிவாரண வேலையா நீட்டினது. பழவேற்காடு ஏரி வழியா ஆந்திரா வரைக்கும் போகும். உப்பு, விறகு, மீன் எல்லாம் படகுல பேசின் பிரிட்ஜ் வரைக்கும் வரும். அறுபதுகள்ல அடிச்ச புயல்களுக்குப் பிறகு கால்வாய் தூர்ந்து போச்சு. அப்புறம் சைக்கிள். பெரியவரோட அப்பா பிரம்புக் கூடை கட்டின சைக்கிளை மணல்ல தள்ளிக்கிட்டே போவாராம். தார் ரோடு வந்தாத்தான் ஏறி மிதிக்க முடியும்.

அமெரிக்காவுல இதே அறுபதுகள்ல வேற கதை. ஐடஹோ மாநிலத்துல ஒரு ஹோண்டா டீலர், சின்ன 50 சிசி வண்டியோட பின் பல்சக்கரத்தைப் பெருசா மாத்தி, வேட்டைக்காரங்களுக்கு வித்தார். வேகம் குறையும், இழுவை கூடும், மலை ஏறும். ஹோண்டா அதைப் பார்த்துட்டு தானே ட்ரெயில் மாடல் விட ஆரம்பிச்சாங்க. 1968-ல் யமஹா டிடி-1 வந்துச்சு. 250 சிசி, ரோட்டுக்கும் காட்டுக்கும் சேர்த்தே செஞ்சது. நாம இன்னிக்கு ட்ரெயில் பைக்னு சொல்ற சாதிக்கு அதுதான் மூதாதை. அதோட வேட்டைக்காரன் போயி வீக்எண்ட் ஆசாமி வந்துட்டான்.

நம்ம ஊர்ல அப்படி எதுவும் வரல. லைசென்ஸ் ராஜ் காலம். போலந்து வண்டியைப் பார்த்துச் செஞ்ச ராஜ்தூத் 175 கிராமத்துப் பால்காரங்களைக் காப்பாத்துச்சு. பக்கத்துல திருப்பதியிலேயே சுவேகா மொபெட் செஞ்சாங்க. 1980-ல் ஓசூர்லேர்ந்து டிவிஎஸ் 50 வந்துச்சு. ரெண்டு பேர் உட்கார்ற முதல் இந்திய மொபெட். கிளட்ச் கிடையாது, கியர் கிடையாது, ஸ்டார்ட் ஆகலைன்னா சைக்கிள் மாதிரி மிதிக்கலாம். சீட்டுக்கு முன்னால காலை வைக்கிற இடத்துல ஒரு மூட்டை, பின்னால ஒரு பெட்டி.

எந்த எஞ்சினியரும் இதைக் கடற்கரை மணலுக்குன்னு வரையல. ஆனா பெரியவர் சொன்னதைக் கேட்டா மணலுக்கே செஞ்ச மாதிரி இருக்கு. சீட் தாழ்வு, அதனால ரெண்டு காலையும் துடுப்பு மாதிரி போட்டுத் தள்ளிக்கிட்டே போகலாம். வேகம் இல்லாததால விழுந்தாலும் அடி இல்ல. லோடு பின்னால இருக்கறதால முன் சக்கரம் லேசா மிதக்கும். நான் யூட்யூப்ல படிச்ச "உடம்பைப் பின்னால தள்ளு" பாடத்தை இவங்க இறால் பெட்டியை வெச்சே முடிச்சிருக்காங்க!

எதிரி மணல் இல்லியாம், உப்புதானாம். ஸ்போக்ஸ் முதல்ல துருப்பிடிக்கும், அப்புறம் செயின், அப்புறம் சைலன்சர்ல ஓட்டை. தெனம் நல்ல தண்ணியில கழுவி டீசல் துணியால துடைக்கணும். நல்ல தண்ணி குடிக்கவே குடத்துல வர்ற ஊர்ல வண்டிக்கு எங்க போறது? அதனால டீசல் துணி மட்டும். 2004 சுனாமியில அவரோட வண்டி மணலுக்குள்ள புதைஞ்சு போய், நாலு நாள் கழிச்சுத்தான் ஹேண்டில்பார் தெரிஞ்சதாம். பொன்னேரி மெக்கானிக் எஞ்சினைப் பிரிச்சு மண்ணெண்ணெயில ஊறப் போட்டு, ஒரு வாரத்துல ஓட வெச்சிருக்கார். "படகு போச்சு, வலை போச்சு, இது ஒண்ணுதான் மிஞ்சிச்சு"ன்னார். டூ ஸ்ட்ரோக் எஞ்சினுக்குள்ள வால்வு கீல்வுன்னு ஒண்ணும் இல்லாததோட பலனை எனக்கு எந்தப் புத்தகமும் இவ்வளவு தெளிவாச் சொன்னதில்ல.

கம்பெனிக்காரங்க நம்ம நாட்டுல ட்ரெயில் பைக்னு ஒழுங்கா ஒண்ணு விட்டது 2011-ல், ஹீரோ இம்பல்ஸ். பிரேசில்ல ஓடின ஹோண்டாவைத் தழுவினது, 150 சிசி, 134 கிலோ. விக்கல, சில வருஷத்துல நிறுத்திட்டாங்க. 2016-ல் ராயல் என்ஃபீல்ட் ஹிமாலயன், 180 கிலோவுக்கு மேல. 2019-ல் எக்ஸ்பல்ஸ். எடை குறைஞ்ச மாதிரி குறைஞ்சு ஏறிக்கிட்டேதான் இருக்கு. டிவிஎஸ் பக்கம் 2015-ல் ஃபோர் ஸ்ட்ரோக் எக்ஸ்எல் 100 வந்துச்சு. நாங்க மணல்ல திணறிக்கிட்டிருந்தப்ப ஐஸ் பெட்டி கட்டின ஒரு எக்ஸ்எல் எங்களைத் தாண்டிப் போச்சு. ஓட்டினவர் காதுல செல்போன்.

கோவமா இல்லியா ஐயான்னு கடைசியில கேட்டேவிட்டேன். வலைக்குக் கோவம் இல்லைன்னார். எங்களை மாதிரி வர்றவங்க ஈர மணல் ஓரமா ரேஸ் விடறதுதான் அவருக்குப் பிடிக்கல. அங்கதான் படகு இழுத்து வைக்கிற இடம், பொம்பளைங்க மீன் பிரிக்கிற இடம், புள்ளைங்க விளையாடற இடம். தை, மாசியில ராத்திரி பங்குனி ஆமை ஏறி வந்து முட்டை போடறதும் அதுக்கு மேல இருக்கற மணல்லதான். "எங்க வண்டியும் மணல்லதான் போவுது. ஆனா ஒரே தடத்துல போவும், ஒரே தடத்துல வரும். நீங்க தடம் இல்லாத எடமாப் பாத்துப் போறீங்க." அதுதானே ட்ரெயில் பைக் விளம்பரமே! நான் ஒண்ணும் பேசல.

வலைக்குக் காசு வாங்க மாட்டேன்னுட்டார். ஒரு கிலோ நைலான் நூல் வாங்கிட்டு வரச் சொன்னார். ரெண்டு வாரம் கழிச்சு, தை மாசம் பொறந்ததும், நூலை எடுத்துக்கிட்டுப் போனேன். வண்டியைப் பாலத்துக்கு இந்தப் பக்கம் டீக்கடையில விட்டுட்டு நடந்தே போனேன். வெயில் மண்டையைப் பிளந்துச்சு.

பெரியவர் நூலை வாங்கி இழுத்துப் பார்த்துட்டு, என் பின்னால எட்டிப் பார்த்தார்.

"வண்டி எங்க?"

"அந்தக் கரையில நிக்குது ஐயா."

"ஏறிக்கோ"ன்னு எக்ஸ்எல்லை உதைச்சார். திரும்பறப்ப பாலம் வரைக்கும் ஐஸ் பெட்டி மேல உட்கார்ந்துதான் வந்தேன். மணல்ல ஒரு இடத்துலகூட அவர் கால் கீழ ஊனல. பேன்ட்ல இறால் வாசனை போக மூணு தடவை துவைக்க வேண்டியிருந்துச்சு, தங்கமணி இன்னும் சொல்லிக் காட்டிக்கிட்டிருக்காங்க.