கொழும்பின் வான்காவல் 1942: படையணித் திட்டமும் தாமிரபரணிக் கரையும்

முன்னுரை

தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடைப்பட்ட கடல், தாமிரபரணிச் சமவெளியின் பொருளாதார வரலாற்றோடு பிணைந்தது. 1986 வரை திருநெல்வேலி மாவட்டத்தில் அடங்கியிருந்த தூத்துக்குடியிலிருந்தே, வ.உ. சிதம்பரம் பிள்ளை 1906இல் தொடங்கிய சுதேசிக் கப்பல் நிறுவனம் கொழும்புக்குக் கப்பல் விட்டது. வணிகராகவும் தொழிலாளராகவும் தென்மாவட்ட மக்கள் அந்நகரில் வாழ்ந்தனர். எனவே 1942இல் அங்குப் போர் விமானப் படையணிகளை நிறுத்தப் பிரித்தானியர் வகுத்த திட்டம் இக்கரையின் வரலாற்றுக்கும் உரியது. அத்திட்டம் எந்த அளவில் நிறைவேறியது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

திட்டமும் தளங்களும்

1942 பிப்ரவரி 15இல் சிங்கப்பூர் வீழ்ந்தபின் இலங்கையே இந்தியப் பெருங்கடலின் முதன்மைக் கடற்படைத்தளமாயிற்று. ஆனால் அங்கு நவீனப் போர் விமானங்கள் போதுமான அளவில் இல்லை. மார்ச் 5இல் அட்மிரல் லேட்டன் இலங்கையின் தலைமைத் தளபதியாகப் பொறுப்பேற்றார். அடுத்த இரு நாள்களில் 'இன்டாமிட்டபிள்' என்னும் விமானந்தாங்கிக் கப்பலிலிருந்து 30, 261ஆம் படையணிகளின் ஹரிகேன் விமானங்கள் இலங்கை வந்திறங்கின. 30ஆம் படையணி இரத்மலானையிலும், 261ஆம் படையணி திருகோணமலையை அடுத்த சீனக்குடாவிலும் நிறுத்தப்பட்டன. கிழக்கிந்தியத் தீவுகளில் சிதைவுற்ற 258ஆம் படையணி மார்ச் 30இல் கொழும்பில் மீளுருவாக்கப்பட்டது. நகரின் குதிரைப் பந்தயத் திடல் அதன் ஓடுதளமாயிற்று.

திட்டத்தின் சோதனை

ஏப்ரல் 4இல் கனடிய விமானி பர்ச்சாலின் கேட்டலினா விமானம் ஜப்பானியக் கப்பற்படையைக் கண்டு செய்தி அனுப்பியது. ஆயினும் மறுநாள், ஈஸ்டர் ஞாயிறன்று, தாக்குதல் விமானங்கள் நெருங்கியபோது கொழும்புப் படையணிகளுக்கு உரிய நேரத்தில் எச்சரிக்கை கிட்டவில்லை. ரேடார் நிலையம் நிறுவப்பட்டுச் சில நாள்களே ஆகியிருந்தன. இரத்மலானை விமானங்கள் எதிரியின் பார்வையிலேயே மேலெழ நேர்ந்தது. எதிரி அறியாத பந்தயத் திடலிலிருந்து 258ஆம் படையணி தடையின்றிப் புறப்பட்டது. எனினும் 9 விமானங்களை இழந்தது. 30ஆம் படையணி 8 ஹரிகேன்களையும், கடற்படை வான்பிரிவு 4 ஃபுல்மார், 6 சுவார்டுஃபிஷ் விமானங்களையும் இழந்தன. ஜப்பானியர் இழந்தவை 7.

ஏப்ரல் 9இல் திருகோணமலையில் ரேடார் முன்னறிவித்தது. 261ஆம் படையணி உரிய நேரத்தில் மேலெழுந்தும் இழப்பு கடுமையாகவே இருந்தது. எனவே கொழும்பின் தோல்வியை எச்சரிக்கைக் குறைபாட்டால் மட்டும் விளக்கவியலாது. எதிரியின் எண்ணிக்கை, ஜீரோ விமானத்தின் திறன், அதனை எதிர்த்த அனுபவமின்மை ஆகியவற்றையும் சேர்த்தே கருத வேண்டும்.

துறைமுகமும் தொழிலாளரும்

குண்டுவீச்சுக்குப்பின் கொழும்பு மக்கள் பெருந்திரளாக வெளியேறினர். துறைமுகத் தொழிலாளரும் அவர்களுள் அடங்குவர். கப்பல்களில் சரக்கேற்றவும் இறக்கவும் ஆளின்றிப் பணி தடைப்பட்டது. படைத்தளத்தின் இயக்கம் விமானங்களை மட்டுமன்றித் தொழிலாளரின் உழைப்பையும் சார்ந்திருந்தது என்பதை இது புலப்படுத்துகிறது. அச்சம் இலங்கையோடு நிற்கவில்லை. ஏப்ரல் 6இல் விசாகப்பட்டினமும் காக்கிநாடாவும் தாக்கப்பட்டபின் சென்னையிலிருந்தும் மக்கள் வெளியேறினர்.

முடிவுரை

ஒரு மாத காலத்தில் மூன்று படையணிகளை நிறுத்தியது விரைவான செயலே. ஆனால் விமானங்கள் வந்த வேகத்தில் எச்சரிக்கை அமைப்பும் போர்ப்பயிற்சியும் குடிமக்கள் பாதுகாப்பும் வளரவில்லை. கொழும்பின் வான்காவலை விமான எண்ணிக்கையால் மட்டும் மதிப்பிடும் ஆய்வு, துறைமுகத்தை இயக்கிய தொழிலாளரைக் கணக்கிலிருந்து விட்டுவிடுகிறது. அவர்களையும் உள்ளடக்கி எழுதும்போதே இது தமிழக வரலாற்றின் பகுதியாகவும் அமையும்.