மிளகு வழி – 9: இறந்த இளவரசர்களின் வெள்ளி

(சென்ற வாரம்: நெல்கிண்டா துறையில் மிளகு ஏற்றிக்கொண்ட ரோமானியக் கப்பல், அதற்கு ஈடாகக் காசு மூட்டைகளை இறக்கியது.)

தென்காசி அருகே குத்துக்கல்வலசையில் நின்று மேற்கே பார்த்தால் மலை மறித்து நிற்கும். அது வழிவிடும் இடம், செங்கோட்டைக்கு அப்பால் உள்ள ஆரியங்காவுக் கணவாய். நெல்கிண்டா மலைக்கு அந்தப் பக்கம். ஆனாலும் அது பாண்டியனுடையது என்கிறது ‘பெரிப்ளஸ்’ என்னும் கிரேக்கக் கடல்வழிக் கையேடு. துறைக்கும் மதுரைக்கும் நடுவே மலை!

கப்பல் இறக்கிய மூட்டைக்குள் இருந்தது என்ன? விடை, உடுமலைப்பேட்டை அருகே பூதிநத்தத்தில் கிடைத்த புதையலில் இருக்கிறது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட டெனாரியஸ் வெள்ளிக்காசுகள். அகஸ்டஸ் காசின் ஒரு பக்கம் பேரரசர் தலை. சுற்றிலும் ‘நாட்டின் தந்தை’ என்ற பட்டம். மறுபக்கம் ஈட்டியும் கேடயமுமாக இரு இளைஞர்கள்: கையஸ், லூசியஸ். மகள் வயிற்றுப் பேரன்களையே அகஸ்டஸ் மகன்களாகத் தத்தெடுத்திருந்தார். ‘எனக்குப் பின் இவர்கள்’ என்பதே காசு சொன்ன சேதி.

சேதி பலிக்கவில்லை. கி.பி. 2இல் லூசியஸ் இறந்தார், கி.பி. 4இல் கையஸ். அரியணை கி.பி. 14இல் திபேரியஸுக்குப் போனது. பூதிநத்தத்தில் அவர் காசுகளும் கலந்தே கிடைத்தன. அப்படியானால் அந்தப் புதையல் மண்ணுக்குள் போனபோது, இளவரசர்கள் இறந்து பத்தாண்டாவது கடந்திருக்கும். இறந்தவர் உருவம் பொறித்த காசை இங்கே யாரும் தள்ளிவிடவில்லை.

ஏன்? ரோமானிய எழுத்தாளர் பிளினி சொல்லும் ஒரு சம்பவம் வழிகாட்டுகிறது. பேரரசர் கிளாடியஸ் காலத்தில், செங்கடல் வரிக் குத்தகைதாரர் ஒருவரின் ஆளைக் காற்று இலங்கைக்கு அடித்துச் சென்றது. அவரிடமிருந்த டெனாரியஸ்களைப் பார்த்து மன்னர் வியந்தார். வெவ்வேறு பேரரசர்களின் உருவங்கள். எடை மட்டும் ஒன்றே! ரோமானியர் நேர்மையானவர்கள் என்று முடிவுகட்டி, ரோமுக்குத் தூதரையும் அனுப்பினார்.

முகம் யாருடையதாகவும் இருக்கட்டும். எடை நின்றால் போதும். அந்த நம்பிக்கையின் மேல்தான் மிளகு வாணிபம் நடந்தது.

கி.பி. 64. ரோமில் பெரும் தீ. அதே ஆண்டில் பேரரசர் நீரோ ஓர் ஆணையிட்டார். ஒரு ராத்தல் வெள்ளிக்கு 84 காசு என்றிருந்த கணக்கு 96 ஆனது. வெள்ளியில் செம்பும் கூடியது. முகப்பில் நீரோ கம்பீரமாகவே இருந்தார்.

அந்தக் காசோடு ஒரு கப்பல் மேற்குக் கரையை நெருங்குகிறது. துறையில் வணிகர் தராசைத் தூக்குகிறார்...

(தொடரும்)